எவ்வளவு உயரம் போனால் விண்வெளி வீரர்?

கேள்வி: பணம் கட்டி, ராக்கெட்டில் பத்து நிமிடம் மேலே போய்வருகிறவர்களையும் விண்வெளி வீரர் என்கிறார்களே! அதற்குத் தகுதி என்ன? யார் வகுத்தது?

பதில்: உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே விதி கிடையாது. பறத்தல் சாதனைகளைப் பதிவு செய்யும் பன்னாட்டுக் கூட்டமைப்பு, 100 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளி தொடங்குவதாகக் கொள்கிறது. கார்மன் கோடு என்பது இதுதான். அமெரிக்க விமானப்படைக்கோ 50 மைல், அதாவது சுமார் 80 கிலோமீட்டர் போதும்.

இதனால் ஓர் அநியாயமே நடந்தது. 1960களில் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தை பி-52 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கைக்கு அடியில் தொங்கவிட்டு எடுத்துப்போய், நடுவானில் கழற்றிவிடுவார்கள். அதில் எட்டு விமானிகள் 80 கிலோமீட்டரைத் தாண்டினார்கள். விமானப்படையைச் சேர்ந்த ஐவருக்கும் விண்வெளி வீரர் சின்னம் கிடைத்தது. நாசாவின் சிவிலியன் விமானிகளான ஜோ வாக்கர், ஜான் மெக்கே, பில் டானா மூவருக்கும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் வாக்கர் 1963இல் இரண்டு முறை 100 கிலோமீட்டரையே தாண்டியவர்! 2005இல்தான் நாசா அவர்களுக்குச் சின்னம் வழங்கியது. அதை நேரில் வாங்க டானா மட்டுமே உயிரோடு இருந்தார்.

இப்போது உங்கள் பத்து நிமிடப் பயணிகள். தனியார் விண்கலங்களில் போனவர்களுக்கு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2004 முதல் சின்னம் கொடுத்துவந்தது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் அப்படிப் பறந்த 2021 ஜூலை 20 அன்றே விதியை இறுக்கியது: உயரம் மட்டும் போதாது, பயணத்தின் பாதுகாப்புக்கு உதவும் வேலை எதையாவது செய்திருக்க வேண்டும். அந்த ஆண்டோடு திட்டத்தையே நிறுத்திவிட்டது. என்னைக் கேட்டால், அந்த இறுக்கம் சரிதான். இருக்கையில் அமர்ந்து போய்வந்தவர் பயணி. கலத்துக்குப் பொறுப்பேற்றவரே வீரர்.

தொழிலாக எடுத்துக்கொள்வதற்கான தகுதி இதிலிருந்து வேறு. 1959இல் நாசா தன் முதல் ஏழு பேரை ராணுவச் சோதனை விமானிகளிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுத்தது. வயது 40க்குள், 1,500 மணி நேரம் பறந்த அனுபவம், உயரம் 5 அடி 11 அங்குலத்துக்கு மேல் கூடாது. அவர்கள் பறக்கவிருந்த மெர்குரி கலம் அவ்வளவு சிறியது. இன்று அங்கே அறிவியல், பொறியியல், கணிதம் போன்ற துறைகளில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம், அமெரிக்கக் குடிமக்களாக இருந்தால்.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்கு 2024இல் அறிவிக்கப்பட்ட நால்வரும் இந்திய விமானப்படையின் சோதனை விமானிகள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர்.