மாடிக்கு ஏறும் முன்

‘நோ சிக்னல்’ என்று வந்ததும் மொட்டை மாடிக்கு ஓடி டிஷ்ஷைத் திருப்புகிறவர்கள் அதிகம். சரியாக இருந்த டிஷ்ஷும் அதோடு கெட்டது. அந்த எழுத்தைக் காட்டுவது யார் என்று முதலில் பாருங்கள். டிவியே காட்டினால், பாக்ஸிலிருந்து டிவிக்கு வரும் ஒயரிலோ, ரிமோட்டில் சோர்ஸ் மாறியதிலோதான் பெரும்பாலும் கோளாறு. பாக்ஸின் மெனு நன்றாகத் தெரிந்து, சேனல் மட்டும் வராவிட்டால்தான் டிஷ் பக்கம் போக வேண்டும்.

உயரத்தில் வைத்தால் படம் தெளிவாக வரும் என்பது பழைய ஆன்டெனா காலத்து நம்பிக்கை. கொடைக்கானல் கோபுரத்துத் தூர்தர்ஷனுக்கும், கடல் தாண்டி வந்த இலங்கை ரூபவாஹினிக்கும் கம்பத்தை நீட்ட நீட்டப் பலன் இருந்தது. செயற்கைக்கோளோ நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நாம் கூட்டும் பத்தடி அதற்கு ஒரு பொருட்டே இல்லை. டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களைத் தரும் ஜிசாட்-15, சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, சுமார் 68 டிகிரி ஏற்றத்தில் இருக்கிறது. அந்தத் திசையில் வானம் திறந்திருந்தால் தரையில் வைத்த டிஷ்ஷும் போதும். குறுக்கே ஒரு தென்னை மட்டை ஆடினால் மாடி டிஷ்ஷிலும் படம் கட்டம் கட்டமாக உடையும். நீண்ட கம்பம் காற்றில் ஆடுவதுதான் மிச்சம்.

ஒயரில் சிக்னல் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். அதே ஒயரில்தான் பாக்ஸ், டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. அதை வைத்துத்தான் எந்த அலைத்தொகுதியை இறக்குவது என்று எல்என்பி முடிவு செய்கிறது. ஒரே ஒயரை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்து இரண்டு பாக்ஸ் ஓட்டினால், ஒன்று 13 கேட்கும்போது இன்னொன்று 18 கேட்கும். ஒரு பாக்ஸில் பாதி சேனல் காணாமல் போகும். இரண்டு முனை உள்ள எல்என்பியும் இரண்டு ஒயரும்தான் வழி.

கனெக்டர் மாட்ட ஒயரைச் சீவும்போது, வெளிப் பின்னல் கம்பியில் ஒரே ஒரு இழை நடுக் கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும். பின்னலை முழுதும் உறைமேல் மடித்துவிட்டுக் கனெக்டரைத் திருகுங்கள். நடுக் கம்பி ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

ஹெச்டி பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் மாட்டினால் ஹெச்டி படம் வராது. ஹெச்டிஎம்ஐ ஒயர்தான் வேண்டும்.

மழையில் படம் போனால் டிஷ் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. மழைத்துளிகள் அலையை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. மழை விட்டதும் படம் திரும்பிவிடும். விட்டு அரை மணி ஆகியும் வரவில்லையென்றால் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் கழற்றிப் பார்த்தபோது நடுக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, எல்என்பி அருகே ஒயரை வளையமாகத் தொங்கவிட்டேன். இப்போது தண்ணீர் வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடுகிறது.

ஒயரைத் தொடும் முன் பாக்ஸின் பிளக்கைக் கழற்றுங்கள். இடி மின்னல் நேரத்தில் எந்தத் தொடர் ஓடினாலும் மாடிக்கு ஏறாதீர்கள்.