கையுறையும் கைபேசிப் பாடமும்



இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986ல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா சேகரித்த இரத்தம் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டது. 2004ல் இலவச ஏ.ஆர்.டி. மருந்து தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இத்தனை அருகில் இருந்தும் பயம் தீரவில்லை.

மாமல்லபுரம் கரையிலிருந்து வந்த ஒருவருக்கு நாடி பார்க்கவே இரட்டைக் கையுறை மாட்டினார் ஒரு சகோதரி. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். (நானும் ஒருகாலத்தில் கட்டிலுக்கு எட்ட நின்று ஜெபித்தவன்தான்.)

இப்போது நர்சுகள் கைபேசியிலேயே ஆன்லைன் பாடம் படிக்கிறார்கள். வகுப்புக்கென்று செங்கல்பட்டுக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. தொடுவதால் தொற்றாது. இரத்தம் படக்கூடிய வேலையில் எல்லா நோயாளிக்கும் ஒரே பாதுகாப்பு. எச்.ஐ.வி. இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் மூன்று. காயத்தைப் பிழியாமல் சோப்பு போட்டுக் கழுவி, கூடுமானால் இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணிக்குள், மருந்து தொடங்கி 28 நாள் உட்கொள்ள வேண்டும். திட்டுக்குப் பயந்து மறைப்பவருக்கே பெரிய ஆபத்து.

கைபேசியில் மார்க் வாங்குவது எளிது. ஆகவே பாடம் முடித்தவருடன் மூத்த நர்ஸ் ஒருவர் வார்டில் கூடவே நிற்கிறார். சென்ற வாரம் அதே சகோதரி வெறுங்கையால் நாடி பிடித்தார். அவர் அன்றைய மீன் விலை பேசத் தொடங்கிவிட்டார்.