ஈரலும் மூலிகைக் காப்பும்

உடலை வலிமையுறச் செய்ய வேண்டும் என்னும் ஆர்வம் இளைஞரிடையே பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. பெருநகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் இன்று உடற்பயிற்சிக் கூடங்கள் தோன்றியுள்ளன. ஆயினும், அவற்றிற்கு வருவோருள் சிலர் தசையை விரைவிற் பெருக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளை நாடுகின்றனர். அம்மாத்திரைகளால் ஈரலுக்குக் கேடு விளையும் என்பதையும் அவர்கள் ஓரளவு அறிந்தே இருக்கின்றனர். ஆகவே, ஈரலைக் காக்கும் எனச் சொல்லப்படும் மூலிகைக் குளிகை ஒன்றையும் உடன் உட்கொண்டு, அச்சம் தீர்ந்ததாகக் கருதுகின்றனர். இந்நம்பிக்கைக்கு விஞ்ஞான ஆதாரம் உண்டா என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

ஈரலின் தொழில்

உடலின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது கல்லீரல். வளர்ந்த மனிதனிடத்தில் அது ஏறத்தாழ 1½ கிலோகிராம் எடையுள்ளது. குடலிலிருந்து திரும்பும் இரத்தம் போர்ட்டல் சிரையின் வழியே முதலில் ஈரலையே அடைகிறது. ஆதலால், விழுங்கப்படும் மருந்து பிற பாகங்களுக்குச் செல்லுமுன் ஈரலைக் கடந்தாக வேண்டும். எல்லையில் அமைந்த சுங்கச் சாவடிக்கு ஈரலை ஒப்பிடலாம். வேண்டாதவற்றைச் சிதைத்துப் பித்தநீரின் வழியாகவும் சிறுநீரின் வழியாகவும் வெளியேற்றுவதற்கு அது வகை செய்கிறது.

ஸ்டீராய்டு எவ்வாறு ஊறு செய்கிறது?

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனை 1935-ம் ஆண்டில் பூட்டனான்ட், ருஷிச்கா ஆகிய இரு ரசாயன அறிஞர்கள் தனித்தனியே செயற்கை முறையில் தயாரித்தனர். ஆனால் அதனை அப்படியே விழுங்கினால் பெரும்பகுதியை ஈரல் சிதைத்துவிடும். இத்தடையைக் கடப்பதற்காக, மூலக்கூறின் 17-ம் இடத்தில் மெத்தில் போன்ற ஒரு தொகுதி இணைக்கப்பட்டது. இவ்வாறு மாற்றப்பட்ட பொருள்களை ஈரலால் எளிதிற் சிதைக்க முடிவதில்லை. மீதைல்டெஸ்டோஸ்டிரோன், மெத்தாண்டியெனோன், ஸ்டனோசோலோல், ஆக்ஸிமெத்தோலோன் ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை.

மாத்திரைக்குப் பயன் தரும் இம்மாற்றமே ஈரலுக்குத் தீங்காக முடிகிறது. ஈரல் அணுக்களிலிருந்து பித்தநீர் வெளியேறுவது தடைப்படுகிறது. பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் இரத்தத்தில் தேங்குகிறது. பெரும்பாலும் மருந்து தொடங்கிய 1 முதல் 4 மாதங்களுக்குள் கண்களில் மஞ்சள் நிறமும், சிறுநீரில் கருமையும், உடலெங்கும் பொறுக்கவொண்ணா அரிப்பும் தோன்றுகின்றன. நெடுங்காலம் உபயோகிப்போர் சிலருக்கு ஈரலில் இரத்தம் நிறைந்த குழிகளும் கட்டிகளும் உண்டாவதுண்டு. ஊசி மூலம் செலுத்தப்படும் வகைகளால் ஈரலுக்கு நேரும் ஊறு குறைவு எனினும், இருதயத்திற்கும் விதைச் சுரப்பிகளுக்கும் அவை தீங்கு செய்யவே செய்கின்றன.

மூலிகை காக்குமா?

ஐரோப்பாவில் வளரும் மில்க் திஸில் என்னும் முட்செடியின் விதையிலிருந்து எடுக்கப்படும் சிலிமாரின் என்ற பொருளே இவ்வகையில் மிகுதியாக விற்கப்படுகிறது. அதன் ஒரு கூறான சிலிபினின், நச்சுக் காளான் உண்டவர்களுக்கு ஐரோப்பிய மருத்துவமனைகளில் சிரை வழியே செலுத்தப்படுகிறது. காளானின் நஞ்சு ஈரல் அணுக்களுள் புகுவதை அது தடுக்கிறது. ஆனால் ஸ்டீராய்டினால் நேரும் கேடு வேறு வகையானது. ஒரு நஞ்சுக்கு மாற்றாக அமைவது எல்லா நஞ்சுக்கும் மாற்றாகிவிடாது. 'ஸி' வகை ஈரல் அழற்சியுற்ற 154 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடைபெற்று 2012-ல் வெளியான சோதனையில், வழக்கத்தைவிட மிகுந்த அளவில் கொடுக்கப்பட்டும் சிலிமாரின் போலி மாத்திரையினும் மேம்பட்ட பலன் தரவில்லை.

நம் நாட்டில் மஞ்சட்காமாலைக்குப் பெயர் பெற்ற கீழாநெல்லியும் ஆராயப்பட்டுள்ளது. 'பி' வகை ஈரல் அழற்சிக் கிருமியை உடலில் தாங்கியவர்களிடம் சென்னையில் நடத்தப்பட்ட ஆராய்ச்சி 1988-ல் நம்பிக்கையூட்டும் பலனை அறிவித்தது. பின்னர் பிற இடங்களில் நடந்த சோதனைகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. மேலும், அது கிருமியைப் பற்றிய ஆராய்ச்சியே அன்றி ஸ்டீராய்டைப் பற்றியதன்று.

காப்பே கேடாதல்

மூலிகை எதுவாயினும் தீங்கற்றது என்று கொள்வதும் தவறு. பச்சைத் தேயிலையைப் பானமாக அருந்துவது வேறு. அதன் சத்தைச் செறிவாக்கிய குளிகையை விழுங்குவது வேறு. நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்ட கேட்டக்கின் பொருள் கொண்ட குளிகைகள் ஈரலைத் தாக்கக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தெரிவித்தது. அமுக்கராக் குளிகைகளை உட்கொண்ட ஐவருக்கு மஞ்சட்காமாலை கண்டதாக ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020-ல் அறிவித்தனர். இவையன்றி, பெயரளவில் சத்துணவாக விற்கப்படும் தசை வளர்ப்புப் பொருள்கள் சிலவற்றில் ஸ்டீராய்டே கலந்திருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009-ல் எச்சரித்தது.

அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று 2014-ல் வெளியிட்ட அறிக்கையில், சத்துணவு மற்றும் மூலிகைப் பொருள்களால் ஈரல் கெட்ட 130 பேருள் 45 பேர் தசை வளர்ப்புப் பொருள்களை உண்டவர்கள். இவர்களில் எவரும் இறக்கவில்லை. ஆயினும் மஞ்சட்காமாலை சராசரியாக மூன்று மாதம் நீடித்தது. ஏனைய பொருள்களை உண்ட 85 பேரிடையே மரணங்களும், ஈரல் மாற்றுச் சிகிச்சைக்கு ஆளாக நேர்ந்தவர்களும் இருந்தனர். இவ்விரண்டையும் ஒருங்கே உண்பவன் இருவகை இடர்களையும் ஏற்கிறான் என்பதை நாம் மறத்தலாகாது.

இரத்தப் பரிசோதனையில் நேரும் மயக்கம்

ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்னும் என்ஸைம்கள் ஈரலில் மட்டுமன்றித் தசையிலும் உள்ளன. பழக்கமில்லாத 15 ஆரோக்கியமான ஆண்களை ஒருமுறை எடை தூக்கச் செய்ததில், குறைந்தது 7 நாள்கள் வரை அவை உயர்ந்தே இருந்ததாக 2008-ல் வெளியான ஆராய்ச்சி காட்டுகிறது. ஆகவே, பயிற்சியை நிறுத்தி ஓய்வெடுத்தாலே எண்கள் இறங்கும். அவ்வேளையில் மூலிகை உண்டவன் அதற்கே பெருமை சேர்ப்பான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே இது. மறுபுறம், ஸ்டீராய்டினால் வரும் மஞ்சட்காமாலையில் இவ்வெண்கள் சிறிதே உயர்ந்திருக்கலாம். பிலிரூபினோ மிக ஏறியிருக்கும். எனவே, ஓரிரு எண்களை மட்டும் கண்டு அமைதி கொள்வது ஆபத்தானது. தசையின் சிதைவைக் காட்டும் சி.கே. என்னும் என்ஸைமையும் பிலிரூபினையும் சேர்த்து ஆராய்ந்தே மருத்துவர் முடிவு கூற இயலும்.

நாம் செய்ய வேண்டுவன

1. கடிந்துரைக்காமல் வினவுக. கடிந்தால் இளைஞன் மறைப்பான். ஸ்டீராய்டைப் போலவே மூலிகைக் குளிகையையும் பெயர் சொல்லிக் கேட்டறிக.

2. கண் மஞ்சள், சிறுநீர்க் கருமை, அரிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் இருவகைப் பொருள்களையும் உடனே நிறுத்தச் செய்து, அவற்றின் புட்டிகளோடு மருத்துவமனைக்கு அனுப்புக.

3. நெடுநாள் உபயோகித்தவர் ஸ்டீராய்டை நிறுத்தியபின், உடலின் சொந்தச் சுரப்பு மீளும்வரை, சோர்வும் மனத்தளர்ச்சியும் கொள்வதுண்டு. ஆகவே, அவரைத் தனியே விடாமல் மருத்துவரின் மேற்பார்வைக்கு உட்படுத்துக.

4. இம்மருந்துகள் மருத்துவரின் சீட்டின்பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டியவை என்பதை மாணவர்க்கு உணர்த்துக.

ஊறு செய்யும் பொருளை நிறுத்திவிட்டால், பெரும்பாலோரின் ஈரல் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தானே தேறிவிடுகிறது. அந்த ஆற்றல் எந்தக் குளிகையிலும் இல்லை, ஈரலிலேயே உள்ளது. மூலிகைக் காப்பின் பெருங்கேடு, இளைஞனை நிறுத்த விடாமல் செய்யும் பொய்த் தைரியமே ஆகும்.

வகுப்பறை வினாக்கள்

1. விழுங்கிய மருந்து முதலில் ஈரலை அடைவது ஏன்?

2. 17-ம் இடத்தில் செய்யப்படும் மாற்றத்தால் விளையும் பயன் யாது? தீங்கு யாது?

3. ஓய்வெடுத்தபின் என்ஸைம் அளவு குறைந்தது. இது மூலிகையால் நேர்ந்தது என்று கூறலாமா? காரணம் தருக.