மூன்று படிகள்

ஊராட்சி அலுவலக வாசலில் மூன்று படிகள் இருந்தன. மற்றவர்களுக்கு அவை வெறும் படிகள். அந்த அம்மாவுக்கு அது மலை.

சிறு வயதில் அவருக்குப் போலியோ வந்தது. கால்கள் செயலிழந்தன. சக்கர நாற்காலியில்தான் போவார். எழுத்தறிவு மையத்தில் சேர்ந்து கையெழுத்துப் போடக் கற்றார். கிராம சபை நாள் வந்தது. கையெழுத்துப் போடும் பதிவேடு உள்ளே இருந்தது. அவர் வாசலில் இருந்தார்.

"அக்கா, நாங்கள் நாலு பேர் தூக்கிப் போகிறோம்" என்றனர் இளைஞர்கள்.

"நாலு பேர் தூக்கும் நாள் எப்படியும் வரும், தம்பி. அதுவரை நானே போக வழி செய்யுங்கள்" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யோசித்தார்கள். படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டினார்கள். அதன் நீளம் 6 அடி. சக்கர நாற்காலி பாதி தூரம் ஏறியது. பிறகு பின்னால் உருண்டது. நல்ல வேளை, ஒருவர் பிடித்துக்கொண்டார்.

தவறு எங்கே? கணக்கில்.

1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். ஒரு படியின் உயரம் அரை அடி. மூன்று படிக்கு ஒன்றரை அடி. ஒன்றரையைப் பன்னிரண்டால் பெருக்கினால் 18. ஆகவே 18 அடி வேண்டும்.

"அவ்வளவு இடம் இல்லையே" என்றார் கொத்தனார். அதற்கும் வழி உண்டு. சுவர் ஓரமாக 9 அடி ஏற வேண்டும். அங்கே 5 அடி சமதளம். அதில் நாற்காலியைத் திருப்பி, மீண்டும் 9 அடி ஏறினால் வாசல் வரும்.

இன்னும் சில கவனிக்க வேண்டும்.

- சாய்தளத்தின் அகலம் 4 அடி.
- இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி.
- வழுக்காத தரை.
- கதவு திறந்தால் 3 அடி வழி.
- சாய்தளத்தில் வண்டி நிறுத்தக் கூடாது.

இது தருமம் அல்ல, உரிமை. 1995ஆம் ஆண்டுச் சட்டமே பொதுக் கட்டடங்களில் சாய்தளம் பற்றிச் சொன்னது. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. அதன்படி, விதிகளுக்கு ஒத்து வராத கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரக் கூடாது. பழைய பொதுக் கட்டடங்களையும் மாற்றி அமைக்க வேண்டும்.

சாய்தளத்தை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். இப்போது முதியவர்களும் கர்ப்பிணிப் பெண்களும் அதில்தான் ஏறுகிறார்கள்.

அடுத்த கிராம சபை வந்தது. அந்த அம்மா தாமே உள்ளே போனார். பதிவேட்டில் தம் பெயரை எழுதினார்.

கணக்குப் போடுவோம்

உங்கள் ஊர்ப் பள்ளி வாசலின் உயரத்தை அளந்து பாருங்கள். எத்தனை அடி சாய்தளம் வேண்டும்?

பேசுவோம்

நம் ஊரில் யார் யார் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள்? கிராம சபையில் என்ன கேட்கலாம்?