பழைய மாண்டலின் வாங்கப் போகிறீர்களா?

திண்டுக்கல் பக்கம் ஆர்கெஸ்ட்ராவுக்கு கீபோர்டு ஆள் தேடினால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். மாண்டலினுக்கு? பாட்டில் மாண்டலின் பிட் வந்ததும் கீபோர்டுக்காரரே ஒரு பட்டனைத் தட்டிச் சமாளித்துவிடுவார். நீங்கள் நுழைய வேண்டிய சந்து அதுதான். தந்தியில் உருட்டும் ட்ரெமலோ பட்டனில் வராது. காது உள்ள ஆர்கனைசருக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

ஆரம்பத்துக்குப் பழைய வாத்தியமே போதும். மாண்டலினில் கர்நாடக இசை வாசித்துப் புகழ்பெற்ற யு. ஸ்ரீநிவாஸ் ஆறு வயதில் கையில் எடுத்ததும் அவருடைய அப்பாவின் மாண்டலின்தான். ஆனால் என்ன வாசிக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மெல்லிசை, சர்ச் கொயர் என்றால் எட்டுத் தந்தி ஜோடி ஜோடியாக வரும் அக்கூஸ்டிக். கர்நாடக இசை என்றால் யோசியுங்கள்: ஜோடித் தந்தியை இழுத்து கமகம் கொண்டுவருவது பெரும்பாடு. ஸ்ரீநிவாஸே ஐந்து ஒற்றைத் தந்தி போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினுக்குத்தான் போனார்.

இனி செக்கிங்.

1. நெக். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்காரர் சாவி போட்டுப் பார்க்காமல் பூட்டு வாங்குவாரா? வாத்தியத்தைக் கண்ணருகே தூக்கி, தலைப்பக்கமிருந்து நெக் நேராக ஓடுகிறதா பாருங்கள். மலிவான பழைய மாடல்கள் பலவற்றில் உள்ளே ட்ரஸ் ராட் என்ற திருகு கம்பி இருக்காது. வளைந்திருந்தால் திருகி நிமிர்த்த வழியில்லை. வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

2. பன்னிரண்டாவது பிரெட். போனில் ட்யூனர் ஆப் போட்டு, வயலின் மாதிரியே ஜி, டி, ஏ, இ என்று சுருதி சேருங்கள். பன்னிரண்டாவது பிரெட்டை அழுத்தினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் சுத்தமாக வர வேண்டும். வரவில்லையா? பிரிட்ஜை லேசாக நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒட்டியிருக்காது, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். அப்படியும் சரியாகாவிட்டால் வேண்டாம். பன்னிரண்டாவது பிரெட்டில் தந்தி 3 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நின்றாலும் விரல் நொந்துபோகும்.

3. உடம்பு. இதில் நான் சூடுபட்டவன். கொடைக்கானலில் மழைக்காலத்தில் ஒன்று வாங்கி, பைக்கில் கட்டிக் கீழே கொண்டுவந்தேன். சித்திரை வெயிலில் பின்பலகை பசை விட்டு வாயைப் பிளந்தது. அதனால் ஓரத்தை விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் ஒட்டு விட்டிருக்கிறது என்று அர்த்தம். வாங்கிய பிறகும் வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள்.

துருப்பிடித்த தந்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பேரத்துக்கு அது உங்கள் கட்சி. புதுத் தந்தி வாங்கும்போது மட்டும் கவனம்: பல மாண்டலின்களுக்கு முனையில் வளையம் உள்ள லூப் எண்ட் தந்தி வேண்டும். கிட்டார் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

பேரத்தில் 'வின்டேஜ்' என்ற வார்த்தைக்குப் பைசா கொடுக்காதீர்கள். வயதானால் மரம் விலை ஏறும் என்பது நல்ல கம்பெனி வாத்தியத்துக்கு. மலிவு மாடலுக்கு அது வெறும் பழசு. கையில் ரூ.5,000 இருந்தால் 3,500-க்கு மேல் பேசாதீர்கள். மிச்சம் தந்திக்கும் ரிப்பேருக்கும் போகும். பணத்தைக் காட்டுங்கள், ஆசையைக் காட்டாதீர்கள்.

வாங்கியதும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். உங்கள் கை பழகும்வரை அந்த பிட்டை கீபோர்டுக்காரர்தான் வாசிப்பார், பேமென்ட்டும் அவருக்குத்தான்.