படகின் பழைய எண்ணெய்த் தாங்கியைக் கழற்றுதல்

நெடுநாள் கிடந்த படகைத் திருத்தித் தொழிலுக்கு இறக்க முனைவோர் முதலில் கவனிக்க வேண்டியது, தளத்தின் கீழ் பொருத்தப்பட்ட எண்ணெய்த் தாங்கியாகும். "வெறுந் தாங்கிதானே" என நாம் எண்ணுவதே ஆபத்து. நிரம்பிய தாங்கியிலும் பார்க்க வெறுமையானதே எளிதில் வெடிக்கும். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. படகின் அடியில் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது.

நாம் செய்ய வேண்டியவை:

1. படகைக் கரையேற்றி, தாங்கியைத் திறக்குமுன் பற்றறியைக் கழற்றி அகற்றுவோம். அடுப்பு, பீடி, சிறுவர் கிட்ட வரலாகாது.

2. எஞ்சிய எண்ணெயைக் கைப்பம்பியால் இறைத்து, மூடியுள்ள கலனில் சேர்ப்போம். வயலிலோ கிணற்றருகிலோ ஊற்றலாகாது.

3. மூடிகளைத் திறந்து, ஒரு நாள் முழுதும் காற்றாட விடுவோம்.

4. குழாய்களைக் கழற்றி, தாங்கியின் வாய்களை அடைப்போம்.

5. தளத்தைக் கைவாளால், தாங்கியில் படாமல் அறுத்து, தாங்கியை முழுதாகத் தூக்குவோம். மின்வாளும் ஒட்டுவேலையும் வேண்டாம். பைபர் தூள் சுவாசத்தில் புகுவதைக் குறைக்க மூக்கையும் வாயையும் துணியால் கட்டுவோம்.

இடம்பெயர்ந்த நிலையில் எந்தப் பாத்திரத்தையும் வீசியெறிய மனம் வராது. ஆயினும், எத்தனை முறை கழுவினாலும் அத்தாங்கியில் குடிநீரோ விதைநெல்லோ சேமிக்கலாகாது. அடுப்புச் செய்யவென அதனை வெட்டவும் கூடாது. நாம் இழந்தவை போதும்.