ரயிலில் பாடிய பெண்

திருமழபாடி,
பங்குனி.

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. கோயிலில் நந்தி கல்யாணக் கூட்டம் நேற்றுதான் கலைந்தது. நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். நீ வராமல் போனதும் நல்லதுதான், முதலில் பிளஸ் டூவை முடி.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளி விழாவில் பாதிப் பாட்டில் மைக் நின்றுபோனது, உன் குரல் மூன்றாவது வரிசைக்குக்கூடப் போகவில்லை என்று அழுதிருக்கிறாய். நாலு வரி தள்ளி, அரியலூரில் ரயில் ஏறியபோது பெட்டியில் ஒருவர் பாடிக் காசு கேட்டதை எழுதிவிட்டு, "நல்ல குரல் இருந்தால் ஏன் ரயிலில் பாடுகிறார்?" என்று கேட்டிருக்கிறாய். முதல் அழுகைக்கு மருந்து இந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

கே.பி. சுந்தராம்பாளைத் தெரியும்தானே? 'திருவிளையாடல்' படத்து ஔவையார். 1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். அந்தத் தண்ணீர்தான் முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாக நம் ஊருக்கு வருகிறது. வீட்டில் வறுமை. சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கினார். அப்படிப் பாடியதைக் கேட்டு வியந்துதான் அவரை நாடகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்தார். 'நல்லதங்காள்' நாடகத்தில் பிள்ளை வேடம், பசியில் துடிக்கும் பிள்ளை. அதற்கு யாரும் நடிப்புச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாம்.

ரயில் பெட்டியில் பாடுவதென்றால் என்னவென்று யோசித்துப் பார். சக்கரத்தின் இரைச்சலுக்கு மேலே குரல் எழ வேண்டும். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பாட்டு முடிய வேண்டும். முதல் அடியிலேயே பிடிக்காவிட்டால் ஜனங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். அங்கே சொல்லை மென்று விழுங்க முடியாது. ஒவ்வோர் எழுத்தும் தெறித்து விழ வேண்டும். பின்னாளில் மைக் இல்லாத கொட்டகைகளில் கடைசித் தரை டிக்கெட் வரை அவர் குரல் போனதென்றால், அதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். உச்ச சுருதியில் அநாயாசமாக நின்றவர் நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பா. அவரோடு மேடையில் ஈடுகொடுத்துப் பாடினார் சுந்தராம்பாள். இருவரும் மணம் செய்துகொண்டார்கள். 1933இல் கிட்டப்பா இறந்தபோது வயது 27. சுந்தராம்பாளுக்கு 25. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் கடைசிவரை மாற்றவில்லை.

கடல் தாண்டி பாரிஸில் இவருக்கு ஒரு தங்கை உண்டு என்று நான் சொல்வேன். எடித் பியாஃப், 1915இல் பிறந்தவர். அப்பா தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவர். மகள் தெருமுனையில் பாடினாள். 1935இல் இரவு விடுதி நடத்திய லூயி லெப்ளே அவளைத் தெருவில் கேட்டு அழைத்துப்போனார். ஐந்தடிக்கும் குறைந்த அந்தப் பெண்ணுக்கு அவர் வைத்த பெயர்தான் பியாஃப். பாரிஸ் பேச்சுவழக்கில் சிட்டுக்குருவி. மேடையில் எப்போதும் கறுப்பு உடை. 1949இல் அவர் காதலித்த குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான் விமான விபத்தில் இறந்தார். அன்றிரவும் நியூயார்க்கில் மேடையேறிப் பாடினார் பியாஃப். நம்மவர் அப்படிச் செய்யவில்லை. மேடையை விட்டே ஒதுங்கினார். இதில் யார் பெரியவர் என்று கேட்காதே. துக்கம் அவரவர் பாடு.

அப்படி ஒதுங்கிய சுந்தராம்பாள் 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நடித்தார். ஆண் வேடம், சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். ரயிலில் காலணா வாங்கிய கை! பிறகு 1951இல் மேலவை உறுப்பினர், 1953இல் ஜெமினியின் 'ஔவையார்', 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார். பியாஃபுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை, 1963இல் 47 வயதில் போய்விட்டார்.

ஒன்றைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. தெருவில் பாடினால் மேதை ஆகலாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களைத் தெருவில் நிறுத்தியது பசி. பசியை அழகாக வர்ணிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். அவர்கள் இருவரையும் கேட்க ஒருவர் நின்றார். யாரும் நிற்காமல் போன குரல்கள் எத்தனையோ. உன் கேள்விக்கு விடை அவ்வளவுதான்.

இனி உன் மூன்றாவது வரிசைக்கு வருவோம். சுந்தரர் நம் ஊருக்குப் பதிகம் பாடியபோது மைக் ஏது? லீவுக்கு வா. விடியற்காலையில் கொள்ளிடத்து மணலில் நீ நில், நான் படித்துறையில் உட்காருகிறேன். தொண்டையை இறுக்கிக் கத்தாதே; வயிற்றிலிருந்து மூச்சைக் கொடு, உயிரெழுத்தில் நின்று பாடு, கடைசிச் சொல்லை விழுங்காதே. கேட்கவில்லையென்றால் முந்தானையை ஆட்டுகிறேன், இரண்டடி முன்னால் வந்து மறுபடி பாடு. நாளுக்கு நாள் இரண்டடி பின்னால் போகலாம்.

வருகிற வழியில் நீ எழுதிய அந்த ரயில் பாட்டுக்காரர் பெட்டியில் ஏறினால், என்ன சுருதியில் எடுக்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கவனித்து வந்து சொல். சில்லறை மறக்காதே.

அன்புடன்,
அத்தை